சங்கத் தொழிலாளிக்குக் காய்ச்சல் வந்தால்

கலிஃபோர்னியாவின் தொழிலாளர் சட்டத் தொகுப்பில் 245.5 என்று ஒரு பிரிவு இருக்கிறது. சம்பளத்தோடு நோய் விடுப்பு தரும் சட்டத்தில் வருகிற சொற்களுக்குப் பொருள் சொல்லும் பிரிவு. அங்கே 'ஊழியர்' என்ற சொல்லுக்குத் தந்திருக்கும் விளக்கம் கொஞ்சம் விசித்திரமானது. யார் ஊழியர் என்று சொல்லாமல், யாரெல்லாம் ஊழியர் இல்லை என்று ஒரு பட்டியல் போடுகிறது. அந்தப் பட்டியலில் இரண்டாவதாக வருபவர், தொழிற்சங்கத்தின் கூட்டு ஒப்பந்தத்தில் இருக்கும் கட்டுமானத் தொழிலாளி. கொத்தனார், தச்சர், கம்பி கட்டுபவர், எலக்ட்ரீஷியன், பிளம்பர் என்று யாராக இருந்தாலும், சங்க ஒப்பந்தத்தில் இருந்து சில நிபந்தனைகளும் பொருந்தினால், இந்தச் சட்டத்தின் கண்ணுக்கு அவர் ஊழியரே இல்லை.

சட்டம் சாதாரணமானதல்ல. தொழிற்சங்கத் தலைவராக இருந்து சட்டமன்றத்துக்கு வந்த லொரீனா கொன்சாலஸ் கொண்டுவந்தது. ஏபி 1522 என்பது அதன் எண். 2014 செப்டம்பர் 10 அன்று ஆளுநர் ஜெர்ரி பிரவுன் கையெழுத்திட்டார். 30 மணி நேரம் வேலை பார்த்தால் 1 மணி நேர விடுப்பு சேரும். ஆண்டுக்கு 24 மணி நேரம் அல்லது 3 நாள் வரை அதைப் பயன்படுத்தலாம் என்று அப்போது சொன்னது. 2015 ஜூலை 1 முதல் ஹோட்டலில் பாத்திரம் கழுவுபவர், கடையில் பில் போடுபவர், பகுதி நேரத் துப்புரவுப் பணியாளர் எல்லோருக்கும் விடுப்பு சேர ஆரம்பித்தது. அமெரிக்காவில் தனியார் ஊழியர்கள் அனைவருக்கும் சம்பளத்தோடு நோய் விடுப்பு தரும் கூட்டாட்சிச் சட்டம் இன்றுவரை கிடையாது என்பதை நினைத்துக்கொண்டால், இதன் அருமை புரியும்.

அப்படியொரு சட்டத்தில், தொழிற்சங்க வரலாற்றிலேயே வலுவான கூட்டங்களில் ஒன்றான கட்டுமானத் தொழிலாளர்கள் ஏன் வெளியே நிற்கிறார்கள்? கல்லூரியில் என்னோடு படித்து, சிவில் எடுத்து, இப்போது அங்கே ஒரு கட்டுமானக் கம்பெனியில் இருக்கும் நண்பனிடம் கேட்டேன். "மச்சி, அது கான்ட்ராக்டர் போட்ட ஓட்டை மட்டும் இல்லடா. சங்கத்துக்காரங்களும் சேர்ந்துதான் வேணும்னு கேட்டாங்க. அவங்க உலகமே வேற" என்றான்.

அந்த வேறு உலகம் எப்படி உருவானது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

*

ஐடி வேலையில் இருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு 'கம்பெனி' என்பது ஒரே இடம். சம்பளம், இன்சூரன்ஸ், லீவ் பேலன்ஸ் எல்லாம் ஒரே போர்ட்டலில் தெரியும். கட்டுமானத்தில் அப்படி இல்லை. கட்டடம் எழும்பியதும் வேலை முடிந்துவிடும். ஒரு எலக்ட்ரீஷியன் ஒரே ஆண்டில் மூன்று நான்கு கான்ட்ராக்டர்களிடம் வேலை பார்ப்பது சகஜம். நடுவில் சில வாரங்கள் சும்மாவும் இருப்பார். அவருடைய வாழ்க்கையில் மாறாமல் இருப்பது சங்கம் மட்டும்தான். பல தொழில்களில் சங்கத்துக்கு 'ஹயரிங் ஹால்' என்று ஒரு கூடம் உண்டு. வேலை முடிந்தவர் அங்கே போய்ப் பெயர் பதிவார். கான்ட்ராக்டர் ஆள் கேட்டால், பட்டியல்படி சங்கம் அனுப்பும்.

இப்படி முதலாளி மாறிக்கொண்டே இருக்கும் தொழிலில் மருத்துவக் காப்பீட்டையும் ஓய்வூதியத்தையும் யார் கணக்கில் வைப்பது? 1947-இல் வந்த டாஃப்ட்–ஹார்ட்லி சட்டம் இதற்கு ஒரு வடிவம் கொடுத்தது. அது தொழிற்சங்கங்களின் கையைக் கட்ட வந்த சட்டம். குடியரசுத் தலைவர் ட்ரூமன் தன் அதிகாரத்தால் அதைத் தடுத்தார். நாடாளுமன்றம் அந்தத் தடையை மீறி நிறைவேற்றியது. அதற்கு முந்தைய ஆண்டு ஜான் எல். லூயிஸ் தலைமையில் சுரங்கத் தொழிலாளர்கள் தங்களுக்கென ஒரு நல நிதியை வென்றிருந்தார்கள். இப்படிப்பட்ட பணம் முழுக்கச் சங்கத் தலைவர்கள் கையில் போய்விடுமோ என்று நாடாளுமன்றம் பயந்தது. அதனால் 302-ஆம் பிரிவில் ஒரு விதி வைத்தார்கள்: முதலாளிகள் நல நிதிக்குப் பணம் தரலாம், ஆனால் அதை நிர்வகிக்கும் குழுவில் இரு தரப்பும் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும்.

கட்டுப்படுத்த வைத்த விதி, கட்டுமானத் தொழிலுக்கு அஸ்திவாரமாகிவிட்டது. ஒரு பகுதியில் இருக்கும் சங்கக் கான்ட்ராக்டர்கள் எல்லோரும் ஒரே பொது நிதியில் பணம் கட்டுவார்கள். தொழிலாளி வேலை செய்யும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் மருத்துவத்துக்கு இவ்வளவு, ஓய்வூதியத்துக்கு இவ்வளவு, பயிற்சிக்கு இவ்வளவு என்று டாலர் கணக்கில் போகும். பல ஒப்பந்தங்களில் வருடாந்தர விடுமுறைக்கும் இதே மாதிரி ஒரு நிதி உண்டு. யாரிடம் வேலை பார்த்தாலும் கணக்கு ஒன்றுதான். அரசுப் பணிகளில் கட்டுமானக் கூலியை நிர்ணயிக்கும் 1931-ஆம் ஆண்டின் டேவிஸ்–பேக்கன் சட்டமும் 1964-இல் திருத்தப்பட்டு, கூலிக் கணக்கில் இந்தச் சலுகைகளையும் சேர்த்துக்கொண்டது.

ஆகவே ஒரு சங்கக் கொத்தனாரின் கூலி என்பது மொத்தமாக ஒரு பொட்டலம். ஒவ்வொரு முறை ஒப்பந்தம் போடும்போதும் மணிக்கு இத்தனை டாலர் உயர்வு என்று வாங்குவார்கள். அதைக் கையில் வாங்குவதா, மருத்துவ நிதியில் போடுவதா, ஓய்வூதியத்தில் சேர்ப்பதா என்பதைப் பெரும்பாலும் சங்கத் தரப்பே முடிவு செய்யும். இந்தப் பழக்கத்தில் வளர்ந்தவரிடம் அரசு வந்து "இந்தா, மூன்று நாள் லீவ்" என்றால், "எங்கள் பொட்டலத்தில் எந்தப் பகுதியை வெட்டி அதைத் தரப்போகிறீர்கள்?" என்றுதான் அவர் முதலில் கேட்பார்.

*

இந்தச் சந்தேகத்துக்கு இன்னும் பழைய வேர் உண்டு. 1910-களில் அமெரிக்கத் தொழிலாளர் சட்டச் சங்கம் என்ற சீர்திருத்தவாதிகளின் அமைப்பு, கட்டாய நோய்க் காப்பீட்டுக்கு ஒரு மாதிரி மசோதா எழுதியது. மருத்துவச் செலவோடு, நோயில் படுத்திருக்கும் நாட்களுக்குப் பணமும் தரும் திட்டம் அது. மருத்துவர்களும் காப்பீட்டுக் கம்பெனிகளும் அதை எதிர்த்தது ஆச்சரியமில்லை. எதிர்த்தவர்களில் முக்கியமான இன்னொருவர் சாமுவேல் கோம்பர்ஸ், அமெரிக்கத் தொழிலாளர் கூட்டமைப்பின் தலைவர்.

கோம்பர்ஸ் சுருட்டுத் தொழிலாளி. அவருடைய சங்கமே தன் உறுப்பினர்களுக்கு நோய்க்காலத்தில் படி கொடுத்துக்கொண்டிருந்தது. தொழிலாளி தனக்கு வேண்டியதைத் தன் சங்கத்தின் பலத்தால் வாங்க வேண்டும் என்பது அவர் கட்சி. அரசு கொடுத்தால், பிறகு அரசே அதை வைத்துத் தொழிலாளியைக் கட்டுப்படுத்தும் என்று நினைத்தார். வேலைநிறுத்தங்களை நீதிமன்றத் தடையாணைகளால் உடைத்த காலம் அது. அரசை அவர் நம்பாததற்குக் காரணம் இருந்தது. ஆனால் எல்லாத் தொழிலாளர்களும் அவர் பக்கம் நிற்கவில்லை. நியூயார்க் மாநிலக் கூட்டமைப்பு நோய்க் காப்பீட்டை ஆதரித்தது. 1918-இல் கலிஃபோர்னியாவில் இது வாக்கெடுப்புக்கு வந்து பெரிய வித்தியாசத்தில் தோற்றது. அடுத்த ஆண்டு நியூயார்க்கில் மேலவை நிறைவேற்றியும் கீழவையில் நின்றுபோனது.

கோம்பர்ஸின் வாதத்தில் ஒரு பலவீனம் அப்போதே இருந்தது. சங்கம் இருப்பவனுக்கு அது சரி, சங்கம் இல்லாதவன் என்ன செய்வான்? அவருக்குப் பின் வந்த தலைவர்கள் இந்த நிலையை மெல்லக் கைவிட்டார்கள். கலிஃபோர்னியாவே 1946-இல் மாநில ஊனக் காப்பீட்டைத் தொடங்கியது. வேலைக்கு வெளியே வரும் நோய்க்கும் காயத்துக்கும், தொழிலாளியின் சம்பளத்தில் பிடித்த பணத்திலிருந்து படி தரும் திட்டம். சங்கக் கட்டுமானத் தொழிலாளிக்கும் அது உண்டு. ஆனால் அதில் முதல் 7 நாட்களுக்குப் பணம் வராது. நிமோனியாவுக்குக் கிடைக்கும், மூன்று நாள் காய்ச்சலுக்குக் கிடைக்காது. 2014-ஆம் ஆண்டுச் சட்டம் அடைக்க வந்தது இந்த மூன்று நாள் இடைவெளியைத்தான்.

*

நவீன நோய் விடுப்புச் சட்டங்களின் வரிசை சான் ஃபிரான்சிஸ்கோவில் தொடங்குகிறது. 2006 நவம்பரில் வாக்காளர்கள் நிறைவேற்றி, 2007 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. அமெரிக்காவில் தனியார் ஊழியர்களுக்கு நோய் விடுப்பைக் கட்டாயமாக்கிய முதல் நகரம் அது. அந்தச் சட்டத்திலேயே, தெளிவான, ஐயத்துக்கு இடமில்லாத சொற்களில் கூட்டு ஒப்பந்தத்தில் எழுதினால் இதை விட்டுக்கொடுக்கலாம் என்ற வாசகம் இருந்தது. கட்டுமானம் என்று தனியாகச் சொல்லவில்லை. எந்தச் சங்கமும் செய்யலாம்.

கட்டுமானத்துக்கான தனிக் கதவு அதற்குப் பிறகு வந்தது. நியூயார்க் நகரம் 2013-இல், மேயர் ப்ளூம்பெர்க்கின் தடையை மீறி, தன் சட்டத்தை நிறைவேற்றியது. மற்றத் துறைச் சங்கங்கள் விட்டுக்கொடுக்க வேண்டுமானால், ஒப்பந்தத்தில் அதற்கு இணையான வேறு பலன் இருக்க வேண்டும் என்றது. கட்டுமானத்துக்கும் மளிகைக் கடைத் துறைக்கும் மட்டும் அந்த நிபந்தனை இல்லை. விட்டுக்கொடுக்கிறோம் என்று எழுதினால் போதும். நியூ ஜெர்சியின் 2018 சட்டம் இன்னும் ஒரு படி போனது. அங்கே எழுதிக்கூடக் கொடுக்க வேண்டாம். கூட்டு ஒப்பந்தத்தில் இருக்கும் கட்டுமானத் தொழிலாளி தானாகவே சட்டத்துக்கு வெளியே. 2024-இல் அமலுக்கு வந்த இல்லினாய் சட்டமும் அதே பாதைதான்.

மறுபக்கம், 2014-இல் வாக்கெடுப்பில் ஜெயித்த மாசச்சூசெட்ஸ் சட்டத்தில் கட்டுமானத்துக்கென்று தனி விலக்கு கிடையாது.

இவற்றில் எனக்கு மிக நேர்மையாகப் படுவது ஒரிகன் மாநிலத்தின் வாசகம். 2016 முதல் அமலில் இருக்கும் அந்தச் சட்டம் தொழிலின் பெயரையே சொல்வதில்லை. தொழிலாளி கூட்டு ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும், ஹயரிங் ஹால் வழியாக வேலைக்குப் போக வேண்டும், அவருடைய சலுகைகள் பல முதலாளிகள் சேர்ந்த பொது நிதியிலிருந்து வர வேண்டும். இந்த மூன்றும் இருந்தால்தான் விலக்கு. விலக்குக்கான காரணம் சட்டத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது.

கலிஃபோர்னியாவுக்குத் திரும்புவோம். 245.5-இன் பட்டியலில் முதல் இடத்தில் இருப்பவர்கள் பொதுவாகக் கூட்டு ஒப்பந்தத்தில் இருக்கும் ஊழியர்கள். அவர்களை விலக்க வேண்டுமானால், ஒப்பந்தத்தில் சம்பளத்தோடு நோய் விடுப்போ வேறு விடுப்போ இருக்க வேண்டும். தகராறு வந்தால் இறுதித் தீர்ப்புச் சொல்லும் நடுவர் ஏற்பாடு வேண்டும். ஓவர்டைமுக்குக் கூடுதல் கூலி வேண்டும். அடிப்படைக் கூலி மாநிலக் குறைந்தபட்சக் கூலியைவிட 30 சதவீதம் அதிகமாக இருக்க வேண்டும்.

இரண்டாவது இடத்தில் இருக்கும் கட்டுமானத் தொழிலாளிக்கு வருவோம். ஓவர்டைம் இருக்கிறது. 30 சதவீதம் இருக்கிறது. ஒப்பந்தம் 2015 ஜனவரி 1-க்கு முன்னால் போட்டதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் தெளிவாக விட்டுக்கொடுத்து எழுதியிருக்க வேண்டும். அவ்வளவுதான். கோட் ரிவ்யூவில் இரண்டு வெர்ஷனைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுபோல் பார்த்தால், காணாமல் போன வரிகளில் ஒன்று பளிச்சென்று தெரிகிறது. விடுப்பு.

*

சங்கங்களின் பக்கம் நியாயமே இல்லையா? இருக்கிறது. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு தச்சர் ஆண்டில் 4 கான்ட்ராக்டர்களிடம் ஆளுக்கு 10 வாரம் வேலை பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வாரம் 40 மணி நேரம். ஒவ்வொருவரிடமும் 400 மணி நேரம், அதாவது 13 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே விடுப்பு சேரும். நாலு பேரிடமும் சேர்த்து 53 மணி நேரம். ஆனால் சட்டப்படி ஒரு முதலாளியிடம் சேர்ந்து 90-ஆவது நாளிலிருந்துதான் சேர்த்த விடுப்பை எடுக்க முடியும். 10 வாரம் என்றால் 70 நாள். அதற்குள் அவர் அடுத்த சைட்டுக்குப் போயிருப்பார். 53 மணி நேரம் சேர்த்தும், எடுக்க முடிந்தது பூஜ்யம். அதே கான்ட்ராக்டரிடம் ஓராண்டுக்குள் திரும்பி வந்தால் பழைய இருப்பு உயிர்பெறும் என்ற விதி கொஞ்சம் உதவும். ஆனால் யார் எப்போது திரும்பக் கூப்பிடுவார்கள் என்று யாருக்குத் தெரியும்?

1993-ஆம் ஆண்டின் குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டத்திலும் இதே கதைதான். அது சம்பளமில்லாத 12 வார விடுப்பு. அதற்கும் அதே முதலாளியிடம் 12 மாதமும் 1,250 மணி நேரமும் வேலை பார்த்திருக்க வேண்டும். ஒரே மேஜையில் உட்கார்ந்திருப்பவரை மனதில் வைத்துக்கொண்டு எழுதிய சட்டங்கள் இவை.

போதாததற்கு ஊருக்கு ஊர் தனிச் சட்டம். ஓக்லண்ட் 2015-இலும், லாஸ் ஏஞ்சலிஸ், சான் டியேகோ நகரங்கள் 2016-இலும் தங்கள் சொந்த நோய் விடுப்பு விதிகளை அமலாக்கின. ஒரே மாதத்தில் மூன்று ஊர்களில் குழாய் மாட்டும் பிளம்பருக்கு எந்த ஊர்க் கணக்கு? சங்கமும் கான்ட்ராக்டரும் சேர்ந்து, இந்தத் தலைவலியே வேண்டாம், எங்களுக்கு எங்கள் ஒப்பந்தம் போதும் என்று சொன்னதில் அர்த்தம் இருக்கிறது.

ஆனால் இந்த வாதம் முழுவதும் எதை நிரூபிக்கிறது? ஒரு முதலாளியிடம் விடுப்பைச் சேர்க்கும் முறை கட்டுமானத்துக்குப் பொருந்தாது என்பதை. விடுப்பே வேண்டாம் என்பதை அது நிரூபிக்கவில்லை.

அதே தச்சரின் கூலி மணிக்கு 50 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 24 மணி நேர விடுப்பின் மதிப்பு 1,200 டாலர். அதை அவருடைய 1,600 மணி நேரத்தில் பரப்பினால், மணிக்கு 75 சென்ட். மருத்துவத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் மணிக்கணக்கில் டாலர்களைப் பிரித்து வாங்கி, ஆள் எங்கே போனாலும் அவர் பெயரில் வரவு வைக்கத் தெரிந்த ஓர் அமைப்புக்கு, இன்னொரு 75 சென்ட்டுக்குக் கணக்கு எழுதுவது பெரிய காரியமில்லை.

இது வெறும் கற்பனையும் இல்லை. 2015-இல் ஒபாமா, கூட்டாட்சி அரசின் ஒப்பந்தப் பணிகளில் ஆண்டுக்கு 56 மணி நேரம் வரை நோய் விடுப்பு தர ஆணையிட்டார். அடுத்த ஆண்டு வந்த விதிகள், பல முதலாளிகள் சேர்ந்த பொது நிதி வழியாகவும் அந்தக் கடமையைத் தீர்க்கலாம் என்றன. கூட்டு ஒப்பந்தங்களுக்கு அங்கேயும் விலக்கு இருந்தது. ஆனால் 56 மணி நேரம் ஏற்கெனவே தரும் ஒப்பந்தங்களுக்கு மட்டும், அதுவும் 2020 ஜனவரி 1 வரைக்கும்தான். பிறகு 2020 மார்ச்சில், கொரோனா பரவிய முதல் வாரங்களில், அமெரிக்க நாடாளுமன்றம் அவசரமாக ஒரு தற்காலிக நோய் விடுப்புச் சட்டம் போட்டது. 500 பேருக்குக் குறைவாக இருக்கும் கம்பெனிகளில் முழுநேர ஊழியருக்கு 80 மணி நேரம் வரை. அதிலும் பொது நிதி வழியாகப் பணம் கட்டி ஈடுசெய்யலாம் என்று தனிப் பிரிவு இருந்தது. அவசரத்தில் எழுதிய சட்டத்துக்கே இந்த வழி தெரிந்திருந்தது.

*

பணத்தைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது இன்னொன்று. கலிஃபோர்னியச் சட்டம் விடுப்போடு ஒரு பாதுகாப்பையும் தருகிறது. விடுப்பு எடுத்ததற்காக ஒருவரை வேலையை விட்டு நீக்கவோ பழிவாங்கவோ கூடாது. 'ஊழியர்' என்ற வரையறையிலிருந்தே ஒருவரை எடுத்துவிட்டால், இந்தப் பாதுகாப்பும் அவரோடு சேர்ந்து போய்விடுகிறது.

"லீவ் எடுத்தா யாரும் திட்ட மாட்டாங்க. ஆனா அடுத்த வெள்ளிக்கிழமை ஆள் குறைக்கும்போது முதல் பேர் யாரோடது இருக்கும்னு எல்லாருக்கும் தெரியும்" என்றான் நண்பன். சங்கத்தில் புகார் செய்யும் வழி இருக்கிறது, அதுவும் சங்கம் இல்லாதவருக்குக் கிடைக்காத பலம்தான். ஆனால் வேலை குறைந்ததால் அனுப்பினார்களா, காய்ச்சலில் படுத்ததால் அனுப்பினார்களா என்று நிரூபிப்பது லேசில்லை. அதனால் மாத்திரையைப் போட்டுக்கொண்டு சைட்டுக்கு வருகிறார்கள். ஜலதோஷ மாத்திரை போட்டுத் தூக்கக் கலக்கத்தோடு நான் மீட்டிங்கில் உட்கார்ந்தால் ஒரு ஸ்லைடு தவறும். பத்தாவது மாடியில் உத்தரத்தின் மேல் நிற்பவருக்கு அது வேறு கணக்கு. கீழே நிற்பவருக்கும்தான்.

சங்கம் பேசி வாங்கியதில் அரசு தலையிடக் கூடாது என்ற கோம்பர்ஸின் வாதம், கட்டுமானத்தில் சங்கம் பலமாக இருந்த காலத்தில் ஒரு தன்மானக் குரலாக ஒலித்திருக்கும். 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கட்டுமானத் தொழிலாளர்களில் ஏறத்தாழ பத்தில் நான்கு பேர் சங்க உறுப்பினர்கள். இன்று பத்தில் ஒருவர். அந்த ஒருவருக்கு நல்ல கூலி இருக்கிறது, காப்பீடு இருக்கிறது, ஓய்வூதியம் இருக்கிறது. அவற்றை வாங்கித் தந்தது சங்கம். ஆனால் பக்கத்து சைட்டில், சங்கம் இல்லாத கான்ட்ராக்டரிடம் வேலை பார்ப்பவருக்குச் சட்டப்படி இருக்கும் நோய் விடுப்பு, இவருக்குச் சட்டப்படி இல்லை. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. அந்த ஒப்பந்தத்தில் மருத்துவ நிதிக்கும் கையில் வரும் கூலிக்கும் நடுவில் நோய் விடுப்பு போட்டியிட வேண்டும். ஆரோக்கியமாக இருக்கும்போது ஓட்டுப் போடுகிறவர்கள் கூலியைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். நானும் அதைத்தான் செய்வேன். அடிப்படை உரிமைகளைச் சட்டமாக வைப்பதே இதற்காகத்தான். இந்த மாத வாடகையையும் அடுத்த மாதக் காய்ச்சலையும் ஒரே தராசில் நிறுத்தச் சொல்லி ஒருவரைக் கேட்கக் கூடாது.

2023-இல் கலிஃபோர்னியா தன் சட்டத்தைத் திருத்தியது. 2024 ஜனவரி 1 முதல் 3 நாள் என்பது 5 நாள் ஆனது. அன்று பொதுவான குறைந்தபட்சக் கூலியும் மணிக்கு 16 டாலர் ஆனதால், 30 சதவீத வாசல் 20.80 டாலருக்கு உயர்ந்தது. பட்டியலின் இரண்டாவது இடம் மட்டும் அப்படியே இருக்கிறது.

அதைச் சரிசெய்யப் பெரிய புரட்சி எதுவும் வேண்டாம். சங்கங்களின் பொது நிதி அப்படியே இருக்கட்டும். விட்டுக்கொடுக்கும் உரிமையும் இருக்கட்டும். ஒப்பந்தத்தில் சம்பளத்தோடு ஏதாவது ஒரு விடுப்பு இருக்க வேண்டும் என்ற நிபந்தனை கட்டுமானத்துக்கும் சேர்ந்தால் போதும். அதற்கான சொற்களைப் புதிதாக யாரும் எழுதக்கூட வேண்டியதில்லை. அதே பட்டியலில், முதல் இடத்தில், ஏற்கெனவே இருக்கின்றன.